நாளைக்கும் ஆட்டம் உண்டா?

2017 ஜூலை 29, சனிக்கிழமை. பெங்களூருவில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டியின் கடைசி நாள். இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் இந்தியா கசகஸ்தானை 75-73 என்ற கணக்கில் வென்றது. முதல் பிரிவின் இறுதியில் ஜப்பான் ஆஸ்திரேலியாவை 74-73 என்று வீழ்த்தியது. ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு கோப்பைகள். ஒன்றைத் தீர்மானித்தது இரண்டு புள்ளி, மற்றதை ஒரே ஒரு புள்ளி. கூடைக்குள் பந்து ஒருமுறை விழுந்தால் இரண்டு புள்ளி. கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து விழுந்தால் மூன்று. ஆக, நாற்பது நிமிடம் ஓடி, மோதி, வியர்த்து, கடைசியில் ஒரு பந்து வளையத்தில் பட்டு உள்ளே சுழன்றதா வெளியே தெறித்ததா என்பதில் இரண்டு கோப்பைகளும் முடிவாயின. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை ஆடிய இந்திய அணி, அந்த வெற்றியால் ஆசியாவின் முதல் பிரிவுக்கு ஏறியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் இல்லை, வந்த அணிகள் ஊர் திரும்பின. இவ்வளவு நெருக்கமாக முடிந்த ஒரு சண்டை மறுபடி நடந்தால் என்ன ஆகும் என்று கேட்கும் பழக்கமே நம் விளையாட்டு நாட்காட்டியில் இல்லை. கபடியானாலும் கூடைப்பந்தானாலும் நமக்குத் தெரிந்தது ‘டோர்னமென்ட்’தான். ஒரு வாரம் பந்தல் போட்டு, விளக்குக் கட்டி, கோப்பையைக் கொடுத்துவிட்டுப் பந்தலைப் பிரித்துவிடுவோம்.

பெண்கள் கூடைப்பந்து இந்தியாவில் ஒரு தொழிலாக வேரூன்றாததற்குத் திறமைக் குறைவையும் பணக் குறைவையும் காரணம் சொல்வது வழக்கம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால் நிற்கும் குறை வேறொன்று என்பது என் வாதம். இங்கே ஆட்டம் திரும்பி வருவதில்லை. அதே இரண்டு அணிகள், அதே முகங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடியும், அதற்கடுத்த வாரம் மீண்டும் என்ற தொடர்ச்சி இங்கில்லை. அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. இதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. 1997-ல் அந்த லீக் ஆடத் தொடங்கியபோது அதன் சாம்பியன் ஒரே ஆட்டத்தில்தான் முடிவானது. ஹியூஸ்டன் காமெட்ஸ் நியூயார்க் லிபர்ட்டியை 65-51 என்று வென்றது. அடுத்த ஆண்டே மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்பவருக்குக் கோப்பை என்று மாற்றினார்கள். 2005-ல் அது ஐந்தில் மூன்றாயிற்று. 2025-ல் ஏழில் நான்கு. கூட்டம் பெருகப் பெருகத் தொடரை நீட்டினார்கள் என்று இதைப் படிக்கலாம். தொடர் நீண்டதால் கூட்டம் பெருகியது என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. இரண்டாம் ஆண்டிலேயே ஒற்றை ஆட்டத்தைக் கைவிட்டவர்கள் அவர்கள்.

ஒரு தொடர் என்னதான் செய்கிறது? 2024 இறுதித் தொடரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நியூயார்க் லிபர்ட்டியும் மினசோட்டா லிங்க்ஸும் மோதின. முதல் ஆட்டத்தில் நியூயார்க் ஒரு கட்டத்தில் 18 புள்ளிகள் முன்னால் இருந்தது. அந்த முன்னிலையை மினசோட்டா கடித்துக் கடித்துத் தின்றது. கடைசி ஒரு நொடிகூட முழுதாக மீதமில்லாத நேரத்தில் நியூயார்க்கின் பிரியானா ஸ்டூவர்ட்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. ஃப்ரீ த்ரோ என்பது யாரும் குறுக்கே வராமல், கோட்டில் நின்று நிதானமாக எறியும் எறிதல். விழுந்தால் ஒரு புள்ளி. முதலாவதைப் போட்டுச் சமன் செய்தார். இரண்டாவது விழவில்லை. கூடுதல் நேரத்தில் மினசோட்டா 95-93 என்று வென்றது. ஒரே ஆட்டமாக இருந்திருந்தால், இரண்டு முறை அந்த லீக்கின் தலைசிறந்த வீராங்கனையாகத் தேர்வான ஸ்டூவர்ட்டின் பெயர் அந்தத் தவறிய எறிதலோடு ஒட்டிக்கொண்டே காலத்துக்கும் இருந்திருக்கும். ஆனால் ஆட்டம் திரும்பி வந்தது. இரண்டாவதை நியூயார்க் வென்றது. மூன்றாவதில் சப்ரினா அயனெஸ்கு வெகு தொலைவிலிருந்து எறிந்த பந்து நியூயார்க்கை மூன்று புள்ளியில் கரையேற்றியது. நான்காவதை மினசோட்டா இரண்டு புள்ளியில் பறித்தது. ஐந்தாம் ஆட்டம் அக்டோபர் 20 அன்று நியூயார்க்கில். ஐந்து நொடிகள் மிச்சமிருக்க, நியூயார்க் இரண்டு புள்ளி பின்னால். அதே ஸ்டூவர்ட், அதே ஃப்ரீ த்ரோ கோடு, அதே இரண்டு எறிதல். இம்முறை இரண்டும் விழுந்தன. கூடுதல் நேரத்தில் 67-62. அந்த லீக் தொடங்கிய நாளிலிருந்து ஆடிவந்து, அதற்கு முன் ஐந்து இறுதிகளில் தோற்ற அணிக்கு அதுதான் முதல் கோப்பை. (அந்த ஃப்ரீ த்ரோவுக்குக் காரணமான ஃபவுல் சரியா என்று மினசோட்டாக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு லீக்குக்கு வரவுதான்.)

தொடர் நடத்தினால் உண்மையிலேயே சிறந்த அணி ஜெயிக்கும், அதிர்ஷ்டத்துக்கு இடமிருக்காது என்பது வழக்கமான விளக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய நியாயமாகத் தெரியவில்லை. ஓர் அணி எதிரணியைவிடத் தெளிவாக மேலானது, பத்து ஆட்டம் ஆடினால் ஆறில் வெல்லும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆட்டமென்றால் அந்த அணி கோப்பையை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 60. மூன்று ஆட்டத் தொடரில் அது 65-ஐ எட்டுகிறது. ஐந்து ஆட்டத்தில் 68. ஏழு ஆட்டம் ஆடியும் 71-தான். ஏழு ஆட்டத்துக்கு அரங்கை வாடகைக்கு எடுத்து, ஊர் ஊராகப் பயணம் செய்து, கிடைக்கும் கூடுதல் நியாயம் பதினோரு புள்ளி. நியாயம் மட்டுமே நோக்கமென்றால் கட்டுப்படியாகாத வியாபாரம். தொடரின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் தோற்ற பயிற்சியாளர் இரவெல்லாம் வீடியோ பார்த்து, எதிரணியின் உயரமான பெண்ணுக்குப் பந்து போகும் வழியை அடைக்கிறார். அடுத்த ஆட்டத்தில் எதிரணி வேறு வழி கண்டுபிடிக்கிறது. ஒரு வீராங்கனை இடது பக்கம் திரும்பி எறிவதில் கெட்டிக்காரி என்பது பார்வையாளருக்கு முதல் நாள் தெரியாது. மூன்றாம் நாள் அவள் இடது தோளை அசைத்ததுமே அரங்கம் எழுந்து நிற்கும். ஆட்டத்தை அறியாதவரை அறிந்தவராக்கும் வேலையை விளம்பரத்தைவிட மலிவாகவும் உறுதியாகவும் செய்வது இந்தத் திரும்ப நிகழ்தல்தான். கிரிக்கெட்டில் ஐந்து டெஸ்ட் கொண்ட தொடர்களைப் பார்த்து வளர்ந்த நாட்டுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் பக்கம் திரும்பலாம். இந்தியாவில் பெண்கள் கூடைப்பந்தின் உச்சம் தேசிய சீனியர் சாம்பியன்ஷிப். ஏறத்தாழ ஒரு வாரம், ஒரே ஊர். அடுத்தடுத்த நாட்களில் குழு ஆட்டங்கள், பிறகு தோற்றால் வெளியே என்ற சுற்றுகள், ஓர் இறுதி ஆட்டம். அதற்கு வெளியே ஃபெடரேஷன் கோப்பை போன்றவையும், நம் பக்கத்தில் கோயம்புத்தூரில் பெண்களுக்கென நடக்கும் சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை போன்ற அழைப்புப் போட்டிகளும் உண்டு. எல்லாம் பந்தல் போட்டுப் பிரிக்கும் ரகம். இதைவிடப் பெரிய சிக்கல், தேசியப் போட்டியில் பெண்கள் பிரிவை நெடுங்காலமாக இந்திய ரயில்வேயே ஆண்டுவருவது. கேரளம் அவ்வப்போது அந்தச் சங்கிலியை அறுத்திருக்கிறது; மற்றபடி கோப்பை ரயிலேறிவிடும். காரணம் எளிமையானது. சென்னையில் தெற்கு ரயில்வேயும், ஹுப்ளியில் தென்மேற்கு ரயில்வேயும், செகந்திராபாத், கொல்கத்தா, மும்பை என்று மற்ற மண்டலங்களும் தனித்தனியாக ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வில் ஆளெடுக்கின்றன. தேசியப் போட்டி வந்ததும் அத்தனை பேரிலும் சிறந்தவர்களைப் பொறுக்கி ஒரே சட்டையை மாட்டிவிடுகிறார்கள். நாட்டின் நல்ல ஆட்டக்காரிகளில் பெரும்பாலோர் ஒரே பக்கம் நின்றால் எதிரே யார் நிற்பது? தொடர் நடத்த இரண்டு சமமான அணிகள் வேண்டும். நம்மிடம் இருக்கும் ஆட்களை வைத்தே ஐந்தாறு சமமான அணிகள் அமைக்கலாம். அவர்களை ஒன்றாகக் குவித்து வைத்துவிட்டு, போட்டியே இல்லை, யார் பார்ப்பார்கள் என்று அலுத்துக்கொள்கிறோம்.

இங்கே அமெரிக்காவை உதாரணம் காட்டுவது ஓரளவுக்குத்தான் உதவும். நூறு கோடி டாலர் முதலாளிகள் அணிகளை வாங்கும் ஊர் அது. நமக்கு நெருங்கிய உதாரணம் கிழக்கில் இருக்கிறது. தென் கொரியாவின் பெண்கள் லீக்கில் ஆறே ஆறு அணிகள். அவற்றின் பெயரைப் பாருங்கள்: ஊரி பேங்க், ஷின்ஹான் பேங்க், கே.பி., ஹனா பேங்க், சாம்சங் லைஃப், புசான் நகரின் பி.என்.கே. ஐந்து வங்கிக் குழுமங்கள், ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். 1998-ல் தொடங்கிய அந்த லீக் ஒவ்வோர் ஆண்டும் மாதக்கணக்கில் நடக்கிறது. முடிவில் ஐந்து ஆட்ட இறுதித் தொடர். ஜப்பானிலும் ஏறக்குறைய இதே கதை. எனியோஸ் என்ற எண்ணெய் நிறுவனம், டொயோட்டா, ஃபுஜிட்சு, டென்சோ என்று கம்பெனிகளின் பெயரில்தான் அணிகள். எனியோஸ் அணி 2019 வரை தொடர்ந்து பதினோரு முறை சாம்பியன். அதாவது, நிறுவனம் வேலை கொடுத்து ஆட வைக்கும் முறை நமக்கு மட்டுமே உரியதன்று. ஆசியாவின் வலுவான பெண்கள் அணிகள் அந்த முறையிலிருந்துதான் வந்தன. வித்தியாசம் நாட்காட்டியில். 2019 செப்டம்பரில் ஆசியக் கோப்பை மறுபடி பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்குக்கு வந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் முதல் பிரிவுக்கு ஏறியிருந்த இந்தியா, ஜப்பானை எதிர்கொண்டது. ஜப்பான் 109, இந்தியா 27. அந்த ஜப்பான்தான் இறுதியில் சீனாவை 71-68 என்று வென்று நான்காவது முறையாகத் தொடர்ந்து கோப்பையை எடுத்தது; இரண்டு ஆண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கமும் வென்றது. அந்த 82 புள்ளி இடைவெளிக்கு ஜப்பான் பெண்களின் உயரத்தைக் காரணம் சொல்ல வழியில்லை. சர்வதேச அளவில் உயரம் குறைந்த அணிகளில் ஒன்று அது. வாரா வாரம் தனக்குச் சமமானவர்களோடு ஆடி வருபவர்களும், ஆண்டுக்கு ஒரு வாரம் அப்படி ஆடுபவர்களும் சந்தித்தால் பலகையில் எழுதப்படும் எண் அதுதான்.

அப்படியொரு லீக்கை இங்கே தொடங்க பெங்களூருவை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். முதல் காரணம், ஆட்டம் இந்த நகரத்துக்குப் புதிதில்லை. பீகிள்ஸ், யங் ஓரியன்ஸ் போன்ற பழைய கிளப்புகள் இங்கே தலைமுறைகளாகப் பிள்ளைகளை வளர்த்துவருகின்றன. திறந்தவெளி சிமென்ட் தளம், நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம், ஓரத்தில் படிக்கட்டு கேலரி. மாலை ஆறு மணிக்கு மேல் பந்து தரையில் மோதும் ஓசை பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். அல்சூரில் தமிழர்கள் நிறைந்த மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பும், ராணுவத்தின் ஏ.எஸ்.சி. மையமும் ஆண்கள் அணிகளை ஆடவைத்தன. விஜயா வங்கி இங்கிருந்துதான் நாடறிந்த ஆண்கள் அணி ஒன்றை நடத்தியது. அந்த வங்கி 2019 ஏப்ரலில் பேங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்துவிட்டது. வங்கிகள் இணையும்போது விளையாட்டு அணிகளின் கதி என்ன என்பதை யாராவது தனியாக எழுத வேண்டும். கனரா வங்கியின் தலைமையகம் இன்றும் இந்த ஊரில்தான். கொரியாக்காரர்கள் செய்ததைச் செய்ய வங்கிக்கும் இங்கே பஞ்சமில்லை. இரண்டாவது காரணம், இங்கிருந்து பெண்கள் மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள், ஆனால் வெளியேறித்தான் போகிறார்கள். பெங்களூருவின் சஞ்சனா ரமேஷ் அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு ஆடும் வாய்ப்பைப் பெற்றார். நல்ல செய்தி. ஆனால் அவர் ஆடிய ஆட்டங்களைப் பார்க்க அமெரிக்காவில் இருக்க வேண்டும். மல்லேஸ்வரத்திலோ ஜெயநகரிலோ பந்து தட்டும் பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு அது யூடியூப் காட்சி.

‘யார் பார்ப்பார்கள்?’ என்ற எதிர்க்கேள்விதான் எப்போதும் முதலில் வரும். கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் காசு கொடுத்துப் பார்க்காத ஊர் என்பார்கள். பெண்கள் கிரிக்கெட்டைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். 2023 ஜனவரியில் பெண்கள் பிரீமியர் லீக்கின் ஐந்து அணிகள் மொத்தம் 4,669.99 கோடி ரூபாய்க்கு ஏலம் போயின. பெங்களூரு அணியின் விலை மட்டும் 901 கோடி. முதல் ஆண்டு எல்லா ஆட்டமும் மும்பையில். 2024-ல் முதல் பாதி சின்னசாமி மைதானத்துக்கு வந்தபோது இந்த ஊர் பெண்களின் ஆட்டத்தைத் திரண்டு வந்து பார்த்தது. அந்த மார்ச்சில் ராயல் சேலஞ்சர்ஸ் என்ற பெயருக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்ததும் ஸ்மிருதி மந்தனாவின் பெண்கள் அணிதான். ஆண்கள் இன்னும் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். கிரிக்கெட்டின் செல்வாக்கில் வந்த கூட்டம் அது, கூடைப்பந்துக்கு வராது என்று பதில் சொல்லலாம், பாதி சரி. ஆனால் கூடைப்பந்துக்கு முப்பதாயிரம் பேர் தேவையே இல்லை. கண்டீரவா உள்ளரங்கில் சுமார் நாலாயிரம் பேர் உட்காரலாம். ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் பகுதியில் வாரம் ஒருமுறை நாலாயிரம் பேர். ப்ரோ கபடி ஆண்கள் ஆட்டத்துக்கு அதே அரங்கத்தை இதே ஊர் நிரப்பியிருக்கிறது. அது 2014-க்கு முன் நகரத்தில் யாரும் காசு கொடுத்துப் பார்க்காத ஆட்டம்.

கபடியைச் சொன்னால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், அது என் வாதத்துக்கு எதிரான சாட்சி போலத் தோன்றினாலும். 2016-ல் ப்ரோ கபடியோடு சேர்த்துப் பெண்கள் கபடி சேலஞ்ச் என்று ஒன்று நடந்தது. ஃபயர் பேர்ட்ஸ், ஐஸ் திவாஸ், ஸ்டார்ம் குவீன்ஸ் என்று மூன்று அணிகள். எந்த ஊரின் பெயரும் எந்த அணிக்கும் இல்லை. இறுதி ஆட்டம் 24-23. அதைவிட நெருக்கமாக ஓர் ஆட்டம் முடிய முடியாது. அடுத்த ஆண்டு அது நடக்கவில்லை. பெண்கள் ஆட்டத்துக்கு வரவேற்பில்லை என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நேர் எதிரானதைச் சொல்கிறது. ஊர் இல்லாத அணிக்கு யார் கைதட்டுவது? ஆண்கள் ஆட்டத்துக்கு நடுவே இடைவேளை நிரப்பும் பொருளாக வந்தது, அவர்கள் மூட்டை கட்டியதும் கூடவே போய்விட்டது. கூடைப்பந்திலும் ஆண்களுக்கு 2015 முதல் 2017 வரை யு.பி.ஏ. என்ற லீக் நடந்தது, பெங்களூரு பீஸ்ட் என்று நம் ஊருக்கும் ஓர் அணி இருந்தது, பின்பு நின்றுபோனது. லீக்குகள் சாகும். கேள்வி, எந்த வகை லீக் சாகிறது என்பதுதான். மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் கால்பந்து அணி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கின் சாம்பியனானது. பெரிய பணமில்லாத லீக்தான் அது. ஆனால் மறுபடி மறுபடி திரும்பி வருகிறது; அதனால் அணிகள் கலையாமல் நிற்கின்றன.

பணம் நட்டமாகும் என்பது அடுத்த எதிர்ப்பு. ஆகும். முதல் சில ஆண்டுகள் நிச்சயமாக ஆகும். டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக, அதற்குச் சற்று முன்பே 1996-ல் ஆடத் தொடங்கிய அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக், வீராங்கனைகளுக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தும் 1998 டிசம்பரில் திவாலானது. முதல் நான்கு கோப்பைகளையும் தொடர்ந்து வென்ற ஹியூஸ்டன் காமெட்ஸ் அணியே 2008-ல் வாங்க ஆளில்லாமல் மூடப்பட்டது. கோப்பை வென்றால் கடன் அடையும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஆனால் ஆண்களின் கதை வேறு மாதிரி என்று நினைப்பதும் தவறு. இன்று உலகமே பார்க்கும் என்.பி.ஏ.யில் 1949-50 பருவத்தில் 17 அணிகள் இருந்தன. ஐந்தே ஆண்டில் எட்டாகச் சுருங்கிவிட்டன. எட்டு அணிகளோடு விடாமல் ஆடினார்கள். டபிள்யூ.என்.பி.ஏ.வும் கால் நூற்றாண்டுக்கு மேல் பெரிய லாபமில்லாமல் தொடர்ந்து ஆடிய பின்னர்தான், 2024-ல் பதினோரு ஆண்டுக்குச் சுமார் 220 கோடி டாலர் பெறும் ஒளிபரப்பு ஒப்பந்தத்தை எட்டியது. அந்தப் பணத்தில் தங்கள் பங்கு எங்கே என்று 2025 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் வீராங்கனைகள் சட்டையில் எழுதிக்கொண்டு வந்து நின்றார்கள். சண்டை போடும் அளவுக்கு ஒரு பானை நிறைந்திருக்கிறது என்பதே முப்பதாண்டு விடாப்பிடியின் பலன். நம்முடைய செலவோ அதில் ஒரு துளி. பன்னிரண்டு ஆட்டக்காரிகள், ஒரு பயிற்சியாளர், ஓர் உடற்பயிற்சியாளர், 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மரத்தளம். கால்பந்தைவிடவும் ஹாக்கியைவிடவும் மலிவான லீக் இது.

மூன்றாவது எதிர்ப்பு, உள்ளபடியே கனமானது, ஆட்டக்காரிகளின் பக்கத்திலிருந்து வருகிறது. ரயில்வே வேலை என்றால் மாதச் சம்பளம், பாஸ், குவார்ட்டர்ஸ், முட்டி உடைந்தாலும் போகாத வேலை. மூன்று சீசனில் மூடப்படக்கூடிய லீக்கை நம்பி எந்த அப்பா தன் மகளை அனுப்புவார்? அமெரிக்காவிலேயே நிலைமை பொற்காலமாக இருக்கவில்லை. 2024-ல் அரங்கங்களை நிரப்பிய கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டு லீக் சம்பளம் 76,535 டாலர்தான். ஆண்கள் லீக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அதைப்போலப் பல மடங்கு வாங்குவார். எனவே வேலையை விடச் சொல்லும் எந்தத் திட்டமும் இங்கே நியாயமானதாகாது. ஆனால் விட வேண்டியதில்லை என்பதைத்தான் கொரியாவும் ஜப்பானும் காட்டுகின்றன. அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். பதினெட்டு ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடி, பத்தொன்பது வயதில் கேப்டனாகி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். ரயில்வே அவருக்கு வாழ்க்கையைக் கொடுத்தது. அவர் வேலை பார்த்த சென்னை நகரம் அவர் ஆடியதை எத்தனை முறை பார்த்திருக்கும்? பத்மஸ்ரீ அறிவிப்பு வந்த அன்று அவர் யார் என்று தேடிப் படித்தவர்கள்தான் அதிகம். தெற்கு ரயில்வேயில் அவரோடு ஆடிய கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார், 2011-ல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு முகாமுக்குச் சென்ற முதல் இந்தியப் பெண் அவர். இடம் கிடைக்கவில்லை. ஆண்டுக்கு நாற்பது ஆட்டம் ஆடியவர்களோடு போட்டியிட்ட ஒருவருக்கு உள்ளூரில் அதில் கால் பங்கு கடுமையான ஆட்டமாவது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கால் பங்கைக் கொடுப்பது நம் கையில்தான் இருந்தது.

அதிகம் ஆடினால் உடம்பு தாங்காது என்ற கவலையும் உண்டு. 44 ஆட்டங்களுக்குப் பிறகு ஏழு ஆட்ட இறுதி என்று 2025-ல் டபிள்யூ.என்.பி.ஏ. நீட்டியபோது காயங்களைச் சொல்லி விமர்சனம் எழுந்தது. (முதல் ஏழு ஆட்டத் தொடர் நாலே ஆட்டத்தில் முடிந்துபோனது, லாஸ் வேகஸ் ஏசஸ் ஃபீனிக்ஸ் மெர்குரியை 4-0 என்று துடைத்தெறிந்தது. மூன்றாம் ஆட்டத்தில் ஒரு நொடியின் சிறு பின்னம் மீதமிருக்க ஏஜா வில்சன் போட்ட பந்துதான் அந்தத் தொடரின் நினைவு.) நம் பெண்களின் சிக்கல் அதுவல்ல. பந்தி முடிந்து ஏப்பம் விடுபவரின் அறிவுரையைப் பசித்தவருக்குச் சொல்லக் கூடாது.

ஆறு அணிகள் போதும். தெற்கு ரயில்வே சென்னைக்கும், தென்மேற்கு ரயில்வே பெங்களூருவுக்கும் என்று ஊர்ப்பெயர் தாங்கட்டும். கேரள மின்வாரியத்திலும் காவல்துறையிலும் ஏற்கெனவே ஆட்டக்காரிகள் இருக்கிறார்கள். கேரள அணி தயார் என்றே கொள்ளலாம். மீதி மூன்றுக்கு வங்கிகளைக் கேட்கலாம். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை வார இறுதிகளில் ஆட்டம். அது முடிந்ததும் முதல் இரண்டு அணிகளுக்கு ஐந்து ஆட்டத் தொடர். சென்னையும் பெங்களூருவும் மோதுவதாகவே வைத்துக்கொள்வோம். காவிரியைத் தவிர வேறெதிலாவது இந்த இரண்டு ஊர்களும் மோதிக்கொள்வது நல்லதுதானே. முதல் இரண்டு ஆட்டம் கண்டீரவாவில். மறுநாள் காலை வந்தே பாரத் பிடித்தால் நாலரை மணி நேரத்தில் சென்னை சென்ட்ரல், பாஸ் வைத்திருப்பவர்கள்தானே இரு அணியும். அடுத்த இரண்டும் பெரியமேடு நேரு உள்ளரங்கில். ஐந்தாம் ஆட்டம் மறுபடி பெங்களூருவில். அமெரிக்காவில் இப்படிப்பட்ட அட்டவணையில் கடைசி ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். கீழே பொடி எழுத்தில் ‘தேவைப்பட்டால்’ என்றிருக்கும். நடக்குமோ நடக்காதோ தெரியாத ஆட்டத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் விற்று, நடக்காவிட்டால் காசைத் திருப்பித் தருவார்கள். கண்டீரவாவின் டிக்கெட் கவுன்ட்டரில் அந்த நட்சத்திரத்தை இதுவரை யாரும் ஒட்டியதில்லை.